உன் அக்கா வேண்டாம் என்று சொல்லவில்லை, மச்சான்

மேல்கணக்கு லயம்,
யட்டவத்த வழி,
மாத்தளை.

அன்பும் அடக்கமும் நிறைந்த மைத்துனர் சுதர்ஷன் அவர்களுக்கு, தங்கள் அக்காள் கணவன் வீரசிங்கம் எழுதிக்கொள்வது. முத்துமாரி துணையால் இங்கு யாவரும் சுகம். தாங்களும் கொழும்பில், புடவைக் கடையில், தலைவலி காய்ச்சல் இல்லாமல் இருப்பீர்கள் என நம்புகிறேன். இங்கே விடாத மழை. அட்டைக் கடியும் அதிகம்.

மேலே ‘யாவரும் சுகம்’ என்று எழுதியது சம்பிரதாயத்துக்காக அல்ல. தங்கள் அக்கா அழகாயி உயிரோடு இருக்கிறாள். வேறு விதமாக ஏதாவது படம் தங்கள் போனுக்கு வந்திருந்தால் நம்ப வேண்டாம். இதைப் போனிலேயே சொல்லியிருப்பேன். ஆனால் தாங்கள் என்னையும், அக்காவையும், பிள்ளை சுபாஷினியையும் சேர்த்து ப்ளொக் பண்ணி வைத்திருக்கிறீர்கள். தபால்காரரை ப்ளொக் பண்ண இன்னும் வழி வரவில்லை என்பதால் இந்தக் கடிதம்.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். போன மாதம் ஒரு பொடியன் மைக்கோடு தோட்டத்துக்கு வந்தான். சம்பள உயர்வைப் பற்றி மக்கள் கருத்துக் கேட்கிறானாம். எந்த டி.வி. என்று கேட்டதற்கு, டி.வி. எல்லாம் பழைய காலம் அங்கிள் என்றான். கொழுந்தை எடை போட்டுவிட்டு வந்த பொம்பிளைகள் எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள். உன் அக்கா மட்டும் நின்றாள். (இனி எனக்குத் ‘தாங்கள்’ வராது மச்சான், நீ என்றே எழுதுகிறேன்.) அவள் சொன்னது இது. நான் பக்கத்தில் விறகோடு நின்று என் காதால் கேட்டது: “சம்பளத்தக் கூட்டுனா தோட்டத்த மூடிருவாங்கன்னு எங்களுக்குப் பயங்காட்டுறாங்க. அதுக்குப் பயந்து, கூட்டிக் கேக்க வேணாம்னு வாய மூடிக்கிட்டு இருந்தா, நாங்க எப்படிங்க வாழுறது?” பொடியன், சூப்பர் அம்மா என்றான். ஒரு யோகட் கொடுத்தான். கரண்டி கொடுக்கவில்லை.

அடுத்த நாளே வீடியோ வந்துவிட்டது. அதில் உன் அக்கா சொல்கிறாள்: “சம்பளத்தக் கூட்டுனா தோட்டத்த மூடிருவாங்க. கூட்டிக் கேக்க வேணாம். நாங்க எப்படிங்க வாழுறது?” பின்னால் வீணை வாசிக்கிறது. கீழே சிவப்பு எழுத்தில், ‘தொழிலாளியே சொல்கிறார்: சம்பள உயர்வு வேண்டாம்!’ அவள் வாயிலிருந்து வராத சொல் ஒன்றுகூட அதில் இல்லை. இடையில் கொஞ்சத்தைத் தூக்கி, மிச்சத்திலிருந்து இரண்டு ‘னு’வை வெட்டி எடுத்துவிட்டார்கள். அவ்வளவுதான். ஒரு குடும்பத்தைக் கவிழ்க்க இரண்டு ‘னு’ போதும் என்பது இந்த வயதில்தான் எனக்குத் தெரிந்தது.

அன்றிலிருந்து லயத்தில் யாரும் அவளோடு பேசவில்லை. மலையில் அவளுடைய தேயிலை நிரைக்கு இரண்டு பக்கமும் ஆள் தள்ளி நின்றார்கள். கொழுந்துச் சாக்கைத் தூக்கிவிட ஒரு கை வரவில்லை. ரொட்டி சாப்பிடும் நேரத்தில் அவள் தனியாக ஒரு கல்லில் உட்கார்ந்து, கட்டிக்கொண்டு போனதைப் பிரிக்காமலே திருப்பிக் கொண்டு வந்தாள். தோட்டத் துரை காசு கொடுத்தாராம், அந்தக் காசில் சுபாஷினி கல்யாணத்துக்கு நகை எடுத்தோமாம். இதையெல்லாம் வீடியோவுக்குக் கீழே முகம் தெரியாதவர்கள் எழுதியபோது தாங்கிக்கொண்டோம். நீ எழுதினாய் பார், ‘விலை போன பொம்பளை, இவளை அக்கா என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது’ என்று. அதற்குக் கைதட்டியவர்கள் அத்தனை பேர். சுபாஷினி அதைச் சத்தமாக வாசித்துவிட்டு, பாதியிலேயே நிறுத்திப் போனைக் கவிழ்த்து வைத்தாள். ஒரு போன் எடுத்து, “என்னக்கா இது?” என்று கேட்க உனக்கு வாய் இருந்ததா இல்லையா? சரி, விடு. நான் சண்டை போட எழுதவில்லை.

அதற்குள் தோட்டத்தின் கீழ்க்கணக்குப் பிரிவிலிருந்து சம்பந்தி வந்துவிட்டார். மாப்பிள்ளை கஜீபன் தங்கமான பிள்ளை. ஆனால் அவனுடைய அப்பா தோட்டத்தில் தொழிற்சங்கத் தலைவர் என்பது உனக்குத் தெரியும். வந்தவர் இஸ்தோப்பிலேயே நின்றார், உள்ளே வரவில்லை, தேத்தண்ணியும் வேண்டாம் என்றுவிட்டார். “சம்பளத்துக்காக நான் கொடி புடிக்கிறேன். என் வீட்டுக்கு வர்ற மருமகளோட அம்மா தொரை பக்கம் பேசுறாங்க. சங்கத்துல கேட்டா நான் என்னான்னு சொல்லுவேன்? இது தெளியுற வரைக்கும் கல்யாணப் பேச்சை நிப்பாட்டி வைப்போம்” என்றார். சுபாஷினி உள்ளே கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் நடந்ததைச் சொன்னேன். “நீங்க சொல்றது சரியா இருக்கலாம். ஆனா வீடியோவத் தானே ஊரே பாத்திருக்கு” என்று சொல்லிவிட்டு மழையில் இறங்கிப் போனார்.

வீடியோவால் கெட்டதை வீடியோவாலேயே சரிப்படுத்துவோம் என்று எனக்கு ஒரு புத்தி வந்தது. அது புத்தி அல்ல, சனி. நான் வேலை செய்கிற கொச்சிக்காய் மில் முதலாளி ஸக்கரியாவிடம் சொன்னேன். நல்ல மனிதர், உடனே போனைக் கையில் எடுத்தார். ஆனால் முதலில் வெளியே போய் மில்லின் போர்டைச் சாக்குப் போட்டு மூடினார். “வீரசிங்கம், கோவிச்சுக்கப்படாது. நானும் சம்பளம் குடுக்கிற ஆள் தானே. இந்த வெவகாரத்தில என் கடைப் பேரு விழப்படாது” என்றார். பிறகு மழைக்கு ஒதுங்கி மில்லுக்குள்ளேயே எடுத்தோம். உள்ளே மெஷின் ஓடுகிறது, காய்ந்த கொச்சிக்காய் அரைபடுகிறது. நான், “என் மனைவி அப்படிச் சொல்லவில்லை, சம்பளம் கட்டாயம் கூட்ட வேண்டும்” என்று மேடைத் தமிழில் ஆரம்பித்தேன். மிளகாய்த் தூள் ஏறியது. கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் கொட்டுகிறது, குரல் அடைக்கிறது, மேல்துண்டால் முகத்தை மூடித் தும்முகிறேன். முதலாளி நிறுத்தவில்லை. “நல்லா இருக்கு, நல்லா இருக்கு” என்று கைகாட்டினார்.

நாங்கள் போட்ட அந்த வீடியோவை இந்தமுறை பிடித்துக்கொண்டவர்கள் மற்றப் பக்கத்து ஆட்கள். அதாவது சம்பளம் கூட வேண்டும் என்று போடுகிறவர்கள், நம்முடைய பக்கம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறவர்கள். மெஷின் இரைச்சலில் நான் பேசியது கேட்கவில்லையோ, கேட்டும் தேவைப்படவில்லையோ, குரலை முழுதாக எடுத்துவிட்டுப் புல்லாங்குழல் போட்டுவிட்டார்கள். நான் அழுகிறேன். பக்கத்தில் முதல் வீடியோவிலிருந்து எடுத்த உன் அக்காவின் படம், அதற்கு மாலை, முன்னால் ஒரு குத்துவிளக்கு. ‘பட்டினிச் சம்பளம் பறித்த உயிர்: மனைவியை இழந்து கதறும் தொழிலாளி.’ ஒரு பக்கத்தில் சம்பளம் வேண்டாம் என்றவளை மறுபக்கத்தில் சம்பளம் இல்லாமல் சாகடித்தாயிற்று. முதல் வீடியோவில் அவளைக் கிழிகிழி என்று கிழித்தவர்களே இதில் ‘ஆத்மா சாந்தியடையட்டும்’ என்று எழுதியிருந்தார்கள். முகம் ஒன்றுதான் என்பதுகூட அவர்களுக்குத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பல்லேகமவிலிருந்து என் சின்னம்மா வந்துவிட்டாள். வேன் நிறைய ஆட்கள், எல்லோரும் வெள்ளை. லயத்து முனையிலேயே இறங்கி, தலையை விரித்துப் போட்டுக்கொண்டு, “மகராசி, இப்படி விட்டுட்டுப் போயிட்டியே” என்று மாரில் அடித்தபடி வருகிறாள். சத்தம் கேட்டு உன் அக்கா, யாருக்கு என்னவோ என்று பதறி, கையில் அகப்பையோடு வெளியே ஓடி வந்தாள். சின்னம்மா அவளைக் கண்டாள். அப்படியே நின்றாள். பிறகு கும்பிட்டாள். பிறகு கிள்ளிப் பார்த்தாள்.

“உசிரோடயா இருக்க?”

“இருக்கேன் சின்னம்மா. சோறு வடிச்சுக்கிட்டு இருக்கேன்.”

“அப்ப வேன் புடிச்சு வந்த எங்களுக்கு என்னாடி பதிலு?”

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். உன் அக்கா சிரிக்கவில்லை. வந்தவர்களுக்கெல்லாம் சோறு போட்டு, வேன் ஏற்றி அனுப்பிவிட்டு, என் பக்கம் திரும்பினாள். “ஒருத்தன் என்னைய பொய்க்காரியாக்கினான். நீங்க என்னையப் பொணமாக்கிட்டீங்க. இனிமே யாரும் எனக்காகப் பேச வேணாம்” என்றாள்.

மறுநாள் காலையில் அவள் பெரட்டுக்களத்துக்குப் போனாள். வேலை பிரித்துக் கொடுக்க எல்லோரும் கூடுகிற நேரம். கணக்கப்பிள்ளை இருக்கிறார், சம்பந்தியும் சங்கத்து ஆட்களும் ஒரு ஓரத்தில் நிற்கிறார்கள். இவள் சாக்கைக் கீழே போட்டுவிட்டு நடுவில் போய் நின்றாள். கூட்டத்தில் ஒருத்தி “செத்துப்போனது வந்திருச்சு” என்றாள். நாலைந்து பேர் சிரித்தார்கள். அதற்குள் ஒருவன் போனைத் தூக்கிவிட்டான்.

“போனக் கீழ வை” என்றாள். அவன் வைக்கவில்லை. “வைய்யிடா கீழ. ஒனக்குக் காது இருக்கில்ல? அதால கேளு.”

நான் வேலி ஓரத்தில் நின்றேன். மச்சான், இங்கே இவள் ஒரு சொல் பிசகினால், கல்யாணம் மட்டுமல்ல, இந்த லயத்தில் இருப்பதே முடிந்தது. அவளோ அன்றைக்குப் பொடியனிடம் சொன்னதை அப்படியே, மெதுவாக, இன்னொரு தடவை சொன்னாள். சொல்லிவிட்டு, “இதுல வேணாம்கிறது நான் சொன்னதா, மத்தவங்க சொல்லச் சொல்றதா? நீங்களே சொல்லுங்க” என்றாள்.

பக்கத்துக் காம்பராக்காரி, ஒரே சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தும் இத்தனை நாளும் முகம் பார்க்காதவள், கேட்டாள்: “அது சரி. நாங்க எல்லாம் ஒதுங்கிப் போனோம். நீ எதுக்கு அவன்கிட்ட நின்னு பேசுன?”

உன் அக்கா சொன்னாள்: “இந்த மலையில கொழுந்தெடுக்க வந்த நாள்லேர்ந்து, சம்பளத்தப் பத்தி நீ என்னா நெனைக்கிறன்னு என்னைய ஒருத்தரும் கேட்டதில்ல. தொரை கேட்டதில்ல. சங்கமும் கேட்டதில்ல. அவன் கேட்டான். நான் பேசிட்டேன்.”

கணக்கப்பிள்ளைகூடப் பெயர் கூப்பிட மறந்துவிட்டு நின்றார். சம்பந்தி தொண்டையைச் செருமினார். “வெட்டுன வீடியோன்னு பாத்த அன்னைக்கே எனக்கும் பட்டிச்சு” என்றார். “பட்டுமா வாய மூடிக்கிட்டு இருந்தீங்க?” என்றாள். அவர் குனிந்து, கீழே கிடந்த அவளுடைய சாக்கை எடுத்து, மண்ணைத் தட்டி அவள் கையில் கொடுத்தார். அதற்குப் பிறகு பக்கத்துக் காம்பராக்காரி, “வா, மழை வரப்போகுது” என்று சொல்லிவிட்டு முன்னே நடந்தாள். மன்னிப்பு என்று யாரும் கேட்கவில்லை. ஆனால் அன்று ரொட்டி பிரிக்காமல் திரும்பி வரவில்லை.

சம்பளம் கூடியதா என்று கேட்பாய். பேச்சு நடக்கிறதாம். வீடியோ இரண்டும் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. ஸக்கரியா முதலாளி மில் போர்டிலிருந்து சாக்கை இன்னும் எடுக்கவில்லை.

கல்யாணம் தை மாதம் என்று மறுபடியும் பேசியாயிற்று. சுபாஷினிக்கு இருக்கிற ஒரே தாய்மாமன் நீ. மாலை எடுத்துக் கொடுக்க நீ இல்லாமல் அந்தப் பிள்ளையை எப்படி மணவறையில் உட்கார வைப்பது? உன் அக்காவுக்கு உன் மேல் துளியும் கோபமில்லை. நீ எழுதியதை அவள் அன்றைக்கே மறந்துவிட்டாள். தினமும் உன் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கண்ணீர் விடுகிறாள். சாப்பாடும் இறங்கவில்லை. என் தம்பி சின்னப் பிள்ளை, அவனுக்கு என்ன தெரியும் என்கிறாள். ஆகவே எழுதியதை அழித்துவிட்டு, ப்ளொக்கையும் எடுத்துவிட்டு, முன்கூட்டியே லீவு போட்டு வந்து சேரவும்.

கடை முதலாளிக்கும் கூட வேலை செய்கிறவர்களுக்கும் என் வணக்கத்தைச் சொல்லவும். மழையில் நனைய வேண்டாம், கண்டதையும் வாங்கிச் சாப்பிட வேண்டாம், கண்டதையும் பார்க்கவும் வேண்டாம். முத்துமாரி உனக்கு நீண்ட ஆயுளும் நிதானமும் தருவாளாக.

இப்படிக்கு,
உன் நலம் நாடும் அத்தான்,
வீரசிங்கம்.

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்கு முன் உன் அக்கா வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். பெரட்டுக்களம் வரைக்கும் ஒன்றும் சொல்லவில்லை. கடைசிப் பகுதி வந்ததும், “யாரு அழுதா? நான் எப்ப அழுதேன்? நீங்களும் அந்தப் பொடியன் வேலையத் தானே பாக்குறீங்க?” என்று ஒரே பிடியாகப் பிடித்துக்கொண்டாள். பேனையைப் பிடுங்காத குறை. ஆகவே மேலே கண்ணீர், கோபமில்லை, மறந்துவிட்டாள், சாப்பாடு இறங்கவில்லை, சின்னப் பிள்ளை என்று நான் எழுதியவை எல்லாம் ரத்து. அவள் சொல்லச் சொல்லக் கீழே எழுதுகிறேன்:

“தம்பி, நான் அழுவல. நல்லா சாப்புடுறேன். ஒன் மேல பயங்கரக் கோவத்துல இருக்கேன். நீ எழுதுனத அழிக்க வேணாம், அது அப்படியே இருக்கட்டும். கல்யாணத்துக்கு வா. வந்து மொதல்ல அடுப்படிக்கு வந்து, நீ என்னக்கா சொன்னன்னு என்கிட்ட கேளு. நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் நில்லு. அதுக்கப்புறம் தான் மாலைய ஒன் கையில குடுப்பேன்.”

இதற்குப் பிறகு உன்னைப் பற்றி இன்னொரு சொல்லும் சொன்னாள். அதை மட்டும் வெட்டியிருக்கிறேன். தபாலில் அனுப்பக்கூடிய சொல் அல்ல.