ஓட்டை போடாத உத்தமன்

வாடகை வீட்டு ஜீவராசிகளில் ஒரு வகை உண்டு: சுவரில் ஓட்டை போடாத உத்தமன். அடையாளம் சுலபம். மாடியில் வீட்டுக்காரர் செருமினால் கீழே டிவி சத்தத்தைக் குறைப்பான். குழாய் ஒழுகினால் வாளி வைப்பானே தவிர வாய் திறக்கமாட்டான். தெருவில் இவனுக்கு நல்ல பையன் என்று பெயர். முதலாளிகளுக்கும் இவனைத்தான் பிடிக்கும்.

கன்னட நாட்டு ஹெப்பாளில் குடியிருக்கும் பரத்தை எடுத்துக்கொள்வோம். தொழிற்சாலையில் தரம் பார்க்கிற வேலை. நூலிழை பிசகினாலும் உருப்படியைத் திருப்பி அனுப்புகிற சூரன். மனைவி ஸ்ரீதேவிக்கு இன்னொரு கம்பெனியில் ராத்திரி ஷிப்ட். காலையில் வந்து படுத்தால் கிழக்குச் சன்னல் வெயில் நேரே முகத்தில். மிஷின் முன்னால் கண்ணயர்ந்துவிட்டாள், ஒரு தரமல்ல. இனிமேல் தூங்கினால் வீட்டிலேயே தூங்கிக்கொள்ளலாம் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார்.

ஒரு திரை மாட்டவேண்டும், அவ்வளவுதான். ஆனால் காங்கிரீட் சுவர். ஆணி வளையுமே தவிர இறங்காது, டிரில் போடவேண்டும். அதற்கு மாடியில் இருக்கும் வீட்டுக்காரர் மஞ்சுநாத்தைக் கேட்கவேண்டும். கேட்பானா?

வீடியோ பார்ப்பான். ஒட்டுகிற கொக்கி வாங்கினான். சுவரைத் துடைத்து, மூச்சைப் பிடித்து அழுத்தி, காயவிட்டு, சூடம் காட்டாத குறையாகத் திரையை மாட்டினான்; ஸ்ரீதேவி கண்ணை மூடியதும் கொக்கி, திரை, உள்ளங்கை அகலத்துக்குப் பெயிண்ட் எல்லாம் சேர்ந்து அவள்மேல் விழுந்தன. அடுத்து, சன்னல் இடுக்கில் முட்டுக்கொடுத்து நிற்கிற ஸ்பிரிங் கம்பி. கனத்த துணியின் பாரத்தில் அது வழுக்கிக்கொண்டே வந்து சன்னல் விளிம்பில் உட்கார்ந்தது. பிறகு டேப் போட்டு நியூஸ்பேப்பர். அது காற்றில் பகல் முழுக்கப் படபடத்தது.

"ஏனுங்க, அவருகிட்ட ஒரு வார்த்தை கேட்டா என்ன?" என்றாள் ஸ்ரீதேவி.

"முடியாதுன்னுட்டாருன்னா?"

"இப்ப மட்டும் என்னத்த முடிஞ்சுதுங்க?"

மறுநாள் ஷிப்ட் முடிந்து வந்தவள் வீட்டுக்குள் நுழையாமல் நேரே மாடி ஏறினாள். கன்னடத்தில் விஷயத்தைச் சொன்னாள். மஞ்சுநாத் கூடவே இறங்கி வந்து, சன்னலுக்கு மேலே தடவிப் பார்த்துவிட்டு, "இல்லே இத்தல்லா, யாரு முச்சித்து?" என்றார். இங்கேதானே ஓட்டை இருந்தது, யார் அடைத்தது என்கிறார். குடி வருகிறவர்களுக்காக அவரே போட்டு வைத்த ஓட்டைகள்.

யார் அடைத்தது? குடிவந்த அன்றே, காலி செய்யும்போது நம் தலையில் கட்டிவிடுவாரோ என்று நடுங்கி, பட்டி வைத்து, உப்புத்தாள் தேய்த்து, பெயிண்டும் பூசியவன் நம் உத்தமன்தான். சாமான் கட்டுகளோடு ஸ்ரீதேவி பின்னால் வந்து சேருவதற்குள் வேலையை முடித்துவிட்டான். இத்தனை நாளும் இடம் தெரியும். ஆனால் தான் அடைத்ததைத் தானே திறக்கவும் அனுமதி வேண்டுமே.

வேலைக்குக் கிளம்பி நின்ற புருஷன் முகத்தை ஸ்ரீதேவி பார்த்தாள். பதில் அங்கே ஒட்டியிருந்தது, கொக்கியைவிடக் கெட்டியாக.

"நாவே முச்சித்வி சார்," என்றாள். நாங்களேதான் அடைத்தோம் என்கிறாள்.

மஞ்சுநாத் ஸ்க்ரூ டிரைவர் நுனியால் குத்தினார். பட்டி உதிர்ந்தது; உள்ளே ஸ்க்ரூவைப் பிடிக்கிற பிளாஸ்டிக் பிளக் பத்திரமாக இருந்தது. டிரில்லே வேண்டியிருக்கவில்லை. காபி ஆறுவதற்குள் திரை தொங்கியது. ஸ்ரீதேவி சாயங்காலம்வரை அசையாமல் தூங்கினாள்.

பரத்? அன்றைக்குக் கம்பெனி கேன்டீனில் சொன்னானாம்: "ஓனர்கிட்ட கொஞ்சம் ஸ்ட்ராங்காவே பேசிட்டேன்."

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். லீவோ, சம்பள உயர்வோ, மேலதிகாரியிடம் கேட்டிருந்தால் கிடைத்திருக்கக்கூடிய ஒன்றுக்கு "முடியாது" என்ற பதிலை நீங்களும் பத்திரமாக வைத்திருப்பீர்கள். அதை உங்களிடம் சொன்னது யார்? அவரா, நீங்களா?