பாலம் வெடிக்கும்போது அணைந்துவிடுகிறது

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தையும் சுகம். நீங்கள் வாங்கிக் கொடுத்த ஹோம் தியேட்டர் ரிசீவர் மட்டும் சுகமில்லை. அங்கே நீங்களும் மகளும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்கிறீர்கள் என்ற நம்பிக்கையில் நேராக விஷயத்துக்கு வருகிறேன். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீங்கள் பேசுவதில் பாதிதான் எனக்குக் கேட்கிறது, கேட்காத பாதிக்கும் சேர்த்து "சரி, சரி" என்று சொல்லிவிடுகிறேன், அதனால்தான் இந்தக் கடிதம்.

மகள் கல்யாணமாகிப் போன பிறகு வீடு வெறிச்சென்று இருக்கிறது, மாமாவும் அத்தையும் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நீங்கள் பெரிய மனசோடு இதை வாங்கி, ஹாலைச் சுற்றி ஐந்து ஸ்பீக்கர் மாட்டி, சோபாவுக்கு அடியில் ஊஃபரையும் தள்ளிவிட்டுப் போனீர்கள். உங்கள் அத்தைக்கு ஒரே சந்தோஷம். வீட்டில் எந்தச் சாமான் வந்தாலும் அதற்கு ஒரு பூ விரிப்பு தைத்துப் போர்த்தாவிட்டால் அவளுக்குத் தூக்கம் வராது, உங்களுக்குத் தெரியும். ஃபிரிட்ஜுக்கு, தையல் மெஷினுக்கு, மிக்ஸிக்கு என்று வரிசையாகப் போட்டவள், ரிசீவருக்கும் கனமான துணியில் ஒன்று தைத்துப் போர்த்தினாள். இந்தத் தடவை பூ கொஞ்சம் கோணலாக வந்திருந்தது. காற்றில் சாய்ந்த பூவா என்று கிண்டல் செய்தேன். அவள் சிரிக்கவில்லை.

ரிசீவர் சின்னச் சத்தத்தில் ஒழுங்காகத்தான் பாடுகிறது. ஆனால் வேலைக்காலம் முழுக்க ஆலையில் கொதிகலனுக்குப் பக்கத்திலேயே நின்று காதை அங்கேயே விட்டுவிட்டு வந்தவனுக்குச் சின்னச் சத்தம் எதற்கு உதவும்? எனக்குப் பிடித்த சண்டைப் படத்தைப் போட்டுச் சத்தத்தை ஏற்றினால், அதில் ரயில் பாலத்துக்கு வருகிற வரை பொறுமையாக இருக்கிறது, பாலம் வெடிக்கிற நேரம் பார்த்து "டக்"கென்று அணைந்து சிவப்பு விளக்கைச் சிமிட்டுகிறது. கொஞ்ச நேரம் விட்டால்தான் மறுபடி உயிர் வரும். அந்த ரயிலில் இருந்தவர்கள் பிழைத்தார்களா என்பது இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

முதலில் கரன்டில்தான் கோளாறு என்று எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். அவர் பிளக்கை மாற்றிவிட்டு, மற்ற சாமான்களை எல்லாம் நிறுத்திப் பாருங்கள் என்றார். நிறுத்தினேன். அதில் ஃபிரிட்ஜும் சேர்த்தி என்பது, ஐஸ் உருகி அடுக்களையிலிருந்து ஹாலுக்குத் தண்ணீர் நடந்து வந்தபோதுதான் ஞாபகம் வந்தது. தண்ணீரை இருவரும் துடைத்தோம், ரிசீவர் அணைந்தது. பிறகு நீங்கள் போனில், ஸ்பீக்கர் ஒயர் நுனியில் ஓர் இழை பிரிந்து பக்கத்து ஒயரைத் தொட்டாலும் அது தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அணைந்துவிடும் என்று சொன்னீர்கள். ரிசீவர் இருக்கிற அலமாரிக்குப் பின்னால் நுழைந்தேன், நுழைந்த இடத்திலேயே இடுப்பு பிடித்துக்கொண்டது, உங்கள் அத்தை வந்து கையைப் பிடித்து இழுத்தாள். ஆனால் நீங்கள் சொன்னபடி ஓர் இழை தொட்டுக்கொண்டுதான் இருந்தது, முறுக்கிச் செருகிவிட்டேன். அன்றும் பாலத்தில் அணைந்தது. அது போதாதென்று ஒயரை இடம் வலம் மாற்றிச் செருகிவிட்டேன் போலிருக்கிறது, இப்போது திரையில் ரயில் ஒரு பக்கம் போகிறது, சத்தம் எதிர்ப்பக்கம் போகிறது. மேலே எதையாவது வைத்து மூடியிருக்கிறீர்களா என்றும் கேட்டீர்கள். இல்லை என்றேன். உண்மையிலேயே ஒன்றும் வைக்கவில்லை, அத்தையின் விரிப்பு மட்டும்தான் இருக்கிறது.

இதில் இன்னொரு தொந்தரவு. அது அணைந்து உயிர் வருகிற வரைக்கும் உங்கள் அத்தை பேச ஆரம்பித்துவிடுகிறாள். மாடிவீட்டுக்காரர் படியைக் கழுவாதது, மகளுக்குச் சின்ன வயதில் வந்த காய்ச்சல், என்னிடம் எப்போதோ சொல்ல நினைத்து விட்டுப்போனது என்று ஒன்றுவிடாமல் வருகிறது. போன வாரம் அப்படித்தான், மடியைப் பார்த்துக்கொண்டே, வலது கண்ணில் புரை முற்றிவிட்டது, ஆபரேஷன் செய்தாக வேண்டும் என்று டாக்டர் சொல்லி மாதக்கணக்காகிறது என்றாள்.

"ஏன் எங்கிட்ட சொல்லல?" என்று கேட்டேன்.

"ரெண்டு தடவ சொன்னேங்க. ரெண்டு தடவையும் பாலம் வெடிச்சுக்கிட்டு இருந்துச்சு."

அந்தக் கோணல் பூ அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மாப்பிள்ளை, எனக்கு வெட்கமாக இருந்தது. ஏதாவது சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் ரிசீவருக்கு உயிர் வந்துவிட்டது, பழக்கத்தில் எழுந்து போய்ப் படத்தைப் போட்டுவிட்டேன்.

ஆகவே அத்தையின் ஆபரேஷனுக்கு நீங்களும் மகளும் வரும்போது, திருப்புளியோடு வந்து இந்தப் பெட்டியைக் கழற்றிக் கடையில் கொடுத்து, பாலம் தாங்குகிற பெட்டியாக ஒன்று மாற்றித் தரவும். மகளுக்கு என் அன்பைச் சொல்லவும். நீங்கள் இருவரும் ஒருவர் பேச்சை ஒருவர் கேட்டுக்கொண்டு நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் மாமா

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள் அத்தை விரிப்பைத் துவைக்க எடுத்துப் போய்விட்டாள். அன்று சாயங்காலம் படம் போட்டேன். பாலம் வெடித்தது, ரிசீவர் அசையவில்லை. விரிப்புக்குள் சூடேறித்தான் இத்தனை நாளும் அணைந்திருக்கிறது. கொதிகலனுக்கு மூச்சுவிட வழி வேண்டும் என்று வேலைக்குச் சேர்ந்த ஒவ்வொருவருக்கும் பாடம் எடுத்தவன் நான், இதை ஆலையில் யாருக்கும் சொல்லிவிட வேண்டாம். ரயிலில் இருந்த எல்லாரும் பிழைத்தார்கள். படம் முடிந்ததும் உங்கள் அத்தை "நல்லா இருந்துச்சு" என்று எழுந்து உள்ளே போய்விட்டாள். மறுநாளும் ஒரு படம் முழுசாக ஓடியது. மறுநாளும் அதே "நல்லா இருந்துச்சு"தான்.

பெட்டியை அணைத்துவிட்டுப் பேசலாமே என்பீர்கள். அதையும் செய்து பார்த்தேன். இருவரும் சோபாவில் நேராக நிமிர்ந்து, வேலை இன்டர்வியூவுக்கு வந்தவர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தோம்.

அதனால் விரிப்பு காய்ந்ததும் நானே எடுத்து, கோணல் பூ முன்பக்கம் தெரிகிற மாதிரி, நான்கு பக்கமும் இழுத்துவிட்டுப் போர்த்தினேன். சத்தத்தை முழுக்க ஏற்றிவிட்டுக் காத்திருந்தேன். அணைந்தது. "ஆபரேஷனப்ப உள்ள உங்கள விடமாட்டாங்களாமே" என்று ஆரம்பித்தாள். பயமாக இருக்கிறதாம். கையைப் பிடித்துக்கொண்டு முழுக்கக் கேட்டேன். நடுவில் சிவப்பு விளக்கு நின்று ரிசீவர் தயாரானது, நாங்கள் இருவருமே எழுந்து போய் அதைப் போடவில்லை.

மகளைக் கட்டாயம் அழைத்து வாருங்கள். திருப்புளி வேண்டாம்.