காப்பியைத் தொடாதவள்

ஒரு உண்மையை ஒப்புக்கொண்டு ஆரம்பிக்கிறேன். பதினைந்து வருடங்களாக அரசு அலுவலகத்தில் அடுத்தவர் மனுக்களைப் படித்துக் குற்றம் கண்டுபிடிப்பதுதான் என் உத்தியோகம். ஏழாவது கட்டம் காலியாக இருந்தால் மனு திரும்பிப் போகும், கெஞ்சினாலும் பயனில்லை. அப்படிப்பட்ட நான் என் வாழ்க்கையில் படிக்காமல் விட்டது ஒரே ஒரு மாத்திரை டப்பாவின் பின்பக்கம்.

திருவனந்தபுரத்திலிருந்து வித்துராவுக்கு மாற்றல் வந்திருந்தது. பஸ் என்றால் விடிவதற்கு முன்னால் கிளம்ப வேண்டும். வீட்டில் கார் இருந்தது, லைசென்ஸ் இல்லை. டெஸ்ட்டில் இரண்டு தடவை தோற்றிருந்தேன். முதல் தடவை பயம். இரண்டாவது தடவை தும்மலுக்குப் போட்ட மாத்திரையால் கிளட்சை மிதித்தபடியே கண்ணயர்ந்துவிட்டேன் (குறட்டை விட்டதாகச் சொல்வது அபாண்டம்). லேனர்ஸ் (ஓட்டிப் பழகுவதற்கான தற்காலிக லைசென்ஸ்) காலாவதியாக நான்கு நாள் இருக்கும்போது மூன்றாவது டெஸ்ட். இதிலும் தோற்றால் எல்லாம் முதலிலிருந்து.

முந்தின நாள் கொழுந்தன் கணேஷ் ஒரு டப்பாவோடு வந்தான். ஐ.டி. கம்பெனிக்காரன், ஜிம்முக்குப் போகிறவன்.

"மதினி, இது கஃபீன் மாத்திரை. ஒண்ணு போட்டா தூக்கம் பக்கத்துல வராது."

கண்ணாடி கையில் இல்லாததால் அவனையே படிக்கச் சொன்னேன். "ஒரு நாளைக்கு ஒண்ணுதான். அப்புறம் முக்கியமா, காப்பியோட சேத்து எடுக்கப்பிடாது" என்றான். அதற்குள் அவனுக்கு போன் வந்து வெளியே போய்விட்டான்.

இங்கே எங்கள் வீட்டு பாஷையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாங்கள் நாஞ்சில் நாட்டிலிருந்து இங்கே வந்த குடும்பம். எங்களுக்குக் காப்பி என்றால் காலைப் பலகாரம். "காப்பி குடிச்சாச்சா?" என்று யாராவது கேட்டால், இட்லி உள்ளே போய்விட்டதா என்று அர்த்தம். டம்ளரில் குடிப்பதற்குக் கடுங்காப்பி, பால்காப்பி என்று முழுப்பெயர் உண்டு.

ஆகவே மறுநாள் காலை காப்பியைத் தொடவில்லை. நான்கு இட்லியை மூடி வைத்துவிட்டு மாத்திரையை விழுங்கினேன். ஒன்று அல்ல, இரண்டு. (மூன்றாவது டெஸ்ட் அல்லவா? தவிர, விதிகளைத் தேவைக்கு மேல் கொஞ்சம் இறுக்கித்தான் அச்சடிப்பார்கள் என்பது பதினைந்து வருட அனுபவம்.) டெஸ்ட் மைதானத்தில் கூட்டம். பசி வயிற்றைக் கிள்ளியது. பக்கத்துக் கடையில் ஒரு கட்டன் காப்பி (எங்கள் பாஷையில் கடுங்காப்பி) குடித்தேன். பசி போகவில்லை. இன்னும் இரண்டு குடித்தேன். அத்தான், அதாவது என் வீட்டுக்காரர், "எட்டி, ஒரு வடையாவது தின்னு" என்றார். "கணேஷ் ஒண்ணும் திங்கக்கூடாதுன்னு சொல்லியிருக்கான்" என்றேன் பெருமையாக.

என் பெயரைக் கூப்பிடும்போது நான் நல்ல விழிப்போடு இருந்தேன். தூரத்தில் நின்ற காக்கையின் மூக்குகூடத் துல்லியமாகத் தெரிந்தது. இன்ஸ்பெக்டர் கையிலிருந்த படிவத்தில் ஏழாவது கட்டம் காலியாக இருப்பதும் தெரிந்தது. அதை அவரிடம் சொன்னேன். ஒன்பதாவது கட்டத்தையும் சொன்னேன். மூச்சு விடாமல் சொன்னேன் என்று டிரைவிங் ஸ்கூல் ஆசான் பிற்பாடு சொன்னார்.

"வண்டி ஸ்டார்ட் செய்யூ" என்றார் இன்ஸ்பெக்டர் மலையாளத்தில்.

"செய்து, சார்" என்றேன், செய்தாகிவிட்டது என்ற அர்த்தத்தில்.

"எவிடெ?"

"வண்டி அதிருந்நுண்டல்லோ, சார்."

அவர் குனிந்து என்னைப் பார்த்தார். ஸ்டியரிங்கைப் பார்த்தார். "சேச்சி, சாவி நிங்ஙளுடெ கையில் தன்னெ உண்டு" என்றார்.

உண்மைதான். சாவிக்கொத்து என் விரல்களில் கிலுகிலுவென்று ஆடிக்கொண்டிருந்தது. இன்ஜின் ஓடுகிறது என்று நான் நினைத்த அதிர்வு முழுக்க என்னுடையது.

அதற்குப் பிறகு வண்டி நிஜமாகவே ஸ்டார்ட் ஆனது. இங்கே டெஸ்ட் என்றால், நட்டு வைத்த கம்பிகளுக்கு நடுவே காரை முன்னும் பின்னும் ஓட்டி ஆங்கில எச் போட வேண்டும். நான் தமிழ் ழ போட்டேன். ஐந்து கம்பிகள் சாய்ந்தன. ஆறாவதைத் தொடுவதற்குள் ஆசான் ஓடிவந்து ஹேண்ட்பிரேக்கை இழுத்தார்.

காரைவிட்டு இறங்கியபோது நெஞ்சு தொண்டையில் வந்து அடித்தது. நிஜமாகவே பயந்துபோனேன். மாற்றலும் லைசென்ஸும் மறந்து, பிள்ளைகள் ஸ்கூலிலிருந்து வரும்போது யார் கதவு திறப்பார்கள் என்று அழுதேன். அத்தான் ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். போன் போட்டதும் கணேஷும் வீட்டிலிருந்த டப்பாவை எடுத்துக்கொண்டு ஓடிவந்தான்.

லேடி டாக்டர் ஈ.சி.ஜி. எடுத்துவிட்டு, "காப்பி வல்லதும் குடிச்சோ?" என்று கேட்டார்.

"ஐயோ, தொடக்கூட இல்ல டாக்டர்."

"மூணு கட்டன் குடிச்சாளே!" என்றார் அத்தான்.

"காப்பியோட எடுக்காதீயன்னு சொன்னேனே, மதினி!"

"அதான் எடுக்கலியே! நாலு இட்லியையும் அப்படியே மூடி வச்சுட்டுல்லா வந்தேன்!"

கணேஷ் டப்பாவை டாக்டரிடம் நீட்டினான். டாக்டர் டப்பாவின் பின்பக்கத்தைப் படித்தார். பிறகு என் தாய்மொழியில் விளக்க முயன்றார். "ஒரு மாத்திரைல ரெண்டு காப்பிக்கு உள்ளது இருக்கு. ரெண்டு மாத்திரை, மேலே மூணு கட்டன், அதும் வெறும் வயிறு. ஹார்ட்டோட நிங்ஙளுக்கு ஏதாவது விரோதம் உண்டோ?"

நல்லவேளையாக ஈ.சி.ஜி.யில் தப்பு ஒன்றும் இல்லை. சாயங்காலம்வரை படுக்க வைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். படபடப்பு மெல்ல அடங்கியது. வீட்டுக்கு வந்து இட்லியைச் சாப்பிட்டேன். அன்றிரவு தூக்கம் பக்கத்தில் வரவில்லை. அந்த விஷயத்தில் மட்டும் கணேஷ் சொன்னது சரி.

லேனர்ஸ் காலாவதியானது. புதிதாக எடுத்து அடுத்த டெஸ்ட் வரும்வரை வித்துராவுக்குப் பஸ்ஸில் போய்வந்தேன். நான்காவது தடவை, வயிறு நிறைய இட்லியோடு போய் எச் போட்டேன். அதே இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஏழாவது கட்டத்தை நிரப்பி என்னிடம் காட்டினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தையே ஏற்றிக்கொண்டு பொன்முடிக்கு நானே ஓட்டினேன். கல்லாறில் ஒரு கடை முன்னால் நிறுத்தினோம். கடைக்காரர் கார் ஜன்னலருகே வந்து மரியாதையாக, "காப்பி எடுக்கட்டே?" என்றார்.

பின்சீட்டிலிருந்து நான்கு குரல் ஒன்றாகக் கேட்டது: "எந்தக் காப்பி? குடிக்கிறதா, திங்கிறதா?"

பாவம் அந்த மனிதர், பயந்து இரண்டையும் கொண்டுவந்து வைத்தார். கணேஷ் டம்ளரை எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டு, இட்லித் தட்டை என்னிடம் தள்ளினான். இன்றுவரை என் வீட்டில் நான் இட்லி சாப்பிட்டதை இரண்டு பேர் பார்த்துச் சாட்சி சொன்னால்தான் கார் சாவி என் கைக்கு வரும்.