சூயிங்கம் வைத்தியர்

நம் ஊரில் அரைக் காகித வைத்தியர் என்றொரு இனம் உண்டு. மருத்துவக் கல்லூரி வாசலை மிதிக்காமல், கடலை மடித்து வந்த காகிதத்தில் பாதியைப் படித்துவிட்டு, மீதிப் பாதி கிழிந்துபோனதைப் பற்றிக் கொஞ்சமும் கவலைப்படாமல், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர், சலூனில் முகம் நிறைய சோப்பு நுரையோடு தப்பி ஓட முடியாமல் இருப்பவர், துக்கம் விசாரிக்க வந்தவர் என்று பேதம் பாராமல் வைத்தியம் சொல்பவர் அவர். ஃபீஸ் வாங்க மாட்டார். அதுதான் ஆபத்து.

மன்னார்புரம் ஸ்தனிஸ்லாஸ் இந்த இனத்தில் முதல் தரம். ஹெட்கிளார்க். எண்பத்து மூன்றாம் வருஷம் அவர் கைக்கு வந்தது ஏதோ இங்கிலீஷ் பத்திரிகையின் பக்கம். சாப்பிட்டதும் சூயிங்கம் மென்றால் எச்சில் ஊறிப் பல்லில் படியும் அழுக்கு போகும், வாய் கொப்பளிக்கும் மருந்துக்குப் பதிலாகவே அதை வைத்துக்கொள்ளலாம் என்பது வரை இருந்தது. சர்க்கரை சேராததாக இருக்க வேண்டும், பல் விளக்குவதை விட்டுவிடக் கூடாது என்ற சங்கதிகள் கிழிந்த பாதியோடு போய்விட்டன. போனால் என்ன? தித்திக்கும் சூயிங்கம் டப்பா டப்பாவாக வீட்டுக்கு வந்தது. மருந்து பாட்டில் சாக்கடையில் கவிழ்ந்தது. பிரஷ் ஷூவுக்குப் பாலிஷ் போடப் போயிற்று.

"ஏங்க, கடைவாய்ப் பல்லு நாலு சொத்தையாயிடுச்சு. இன்னும் மெல்றீங்களே!" என்றார் மனைவி டோரதி.

"அழுக்கு வெளிய வருது. அப்படித்தான் வலிக்கும்."

"கோயிலுக்காவது துப்பிட்டு வாங்க. நன்மை அப்பம் வாங்க ஒரு மணி நேரம் முன்னாலேருந்து வாயைக் கட்டணும்."

"முழுங்கினாத்தான் சாப்பாடு. இது வைத்தியம்."

மகள் அமலராணிக்குக் காட்டூரில் மாப்பிள்ளை. ஏற்கெனவே இரண்டு சம்பந்தம் கைக்கு வந்து நழுவியிருந்தது. இதுவும் போனால் அந்தப் பெண் தாங்க மாட்டாள். கத்தோலிக்கக் கல்யாணம் என்றால் மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசிப்பார்கள்: இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை அறிந்தவர் சொல்லலாம். அன்று மூன்றாம் ஓலை.

சாமியார் பீடத்துக்கு வந்ததும் ஸ்தனிஸ்லாஸ் பயபக்தியோடு சூயிங்கத்தை எடுத்து, பூசை முடிந்ததும் தொடரலாம் என்று, தான் உட்காரும் பெஞ்சின் மேலேயே பக்கத்தில் ஒட்டி வைத்தார். பிரசங்கத்தின் நடுவே சம்பந்தி குடும்பம் வந்தது. மரியாதை தெரிந்த மனிதர், சட்டென்று எழுந்து இடம் விட்டார். மாப்பிள்ளையின் தாய் பேட்ரிசியா பட்டுப்புடவை சரசரக்க உட்கார்ந்தார்.

ஓலை வாசித்து, "தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்கவும்" என்று சாமியார் நிறுத்தினார். அடுத்து நின்றுகொண்டு சொல்ல வேண்டிய விசுவாசப் பிரமாண ஜெபம், எல்லாரும் எழுந்தார்கள். பேட்ரிசியாவும் எழுந்தார். புடவை எழவில்லை.

"இதென்ன அநியாயம்!"

கோயில் முழுவதும் திரும்பியது. அமலராணிக்கு முகம் வெளுத்துவிட்டது. சாமியார் கண்ணாடியைக் கழற்றினார்.

"என்ன தடைம்மா?"

"பெஞ்சுங்க சாமி! விட மாட்டேங்குது!"

பூசை முடிந்து வெளியே வந்ததும் பேட்ரிசியா பொரிந்து தள்ளினார். "பல்லே விளக்காத பய எவனோ மென்னு ஒட்டியிருக்கான். அவன் மட்டும் கெடைக்கட்டும்!"

யாரும் பார்க்கவில்லை. டோரதி கணவரின் கையைக் கிள்ளினார். வாயை மூடிக்கொண்டு நின்றால் எல்லாம் முடிந்தது. முடியுமா அவரால்? தன்னைத் திட்டியதைப் பொறுத்துக்கொண்டார். வைத்தியத்தைத் திட்டியதைத்தான் பொறுக்க முடியவில்லை.

"அப்படிச் சொல்லாதீங்க சம்பந்தியம்மா. பல்லு விளக்குறதுக்கும் மேல இது. சாப்பிட்டு இருபது நிமிஷம் மென்னீங்கன்னா..."

"நீங்கதானா?"

அமலராணி விசும்பத் தொடங்கினாள். பேட்ரிசியா கணவரின் பக்கம் திரும்பினார். "வாங்க போவோம். இந்தச் சம்பந்தமே வேணாம்."

மாப்பிள்ளையின் அப்பா அற்புதசாமி அசையவில்லை. அவர் முகத்தில் அப்படியொரு பிரகாசம்.

"இருபது நிமிஷமா? நான் படிச்ச காயிதத்துல அந்த எடத்துல எண்ணெய் ஊறிப்போச்சுங்க!"

இருவரும் தோளில் கை போட்டுக்கொண்டு வேப்பமர நிழலுக்குப் போய்விட்டார்கள். பேட்ரிசியா டோரதியைப் பார்த்தார்.

"உங்க வீட்டுலயுமா?" என்று கேட்டார் டோரதி.

"பதினெட்டு வருஷமா" என்ற பேட்ரிசியா, அழுதுகொண்டிருந்த அமலராணியின் கண்ணைத் தம் முந்தானையால் துடைத்துவிட்டார்.

கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. விருந்தில் இரண்டு சம்பந்திகளும் கறித்துண்டை ஏக்கத்தோடு பார்த்துக்கொண்டு ரசஞ்சோறு சாப்பிட்டார்கள்.

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். ஆனால் நாளைக்கு யாரிடமாவது, "சூயிங்கம் பல்லுக்கு நல்லதாமே" என்று நீங்கள் ஆரம்பித்து, "எங்க படிச்சீங்க?" என்று அவர் கேட்டால் என்ன சொல்வீர்கள்? ஏதோ பத்திரிகையில் போட்டிருந்தான் என்பீர்கள், இல்லையா?

எங்கே, வாயைத் திறங்கள். பல்லைப் பார்ப்போம்.