வீட்டில் யாரும் சொல்லாத சொல்

மாதா துணை

சிலாவத்தை,
முல்லைத்தீவு.

அன்புள்ள மருமகன் டிலக்ஸனுக்கு மாமா இன்னாசித்தம்பி எழுதிக்கொள்வது. இங்கு நானும் மாமியும் மாதாவின் தயவால் சுகம், அங்கு நீங்களும் மகள் ஆன்சலாவும் புதிதாக வந்த சின்னவரும் அப்படியே இருக்க மன்றாடுகிறேன் என்று தொடங்குவதுதான் முறை. முறை தவறினால் மாமி இராசாத்தி முதல் வரியிலேயே கடிதத்தைப் பறித்துவிடுவா என்பதால் எழுதினேன். உண்மையில் மாமி மட்டும்தான் சுகம். எனக்குச் சுகமில்லை. காய்ச்சல், தடிமன் ஒன்றுமில்லை. பெற்ற பிள்ளை என்னோடு கதைக்கிறாள் இல்லை, அதுதான் வருத்தம்.

இதை ஏன் போனில் சொல்லாமல் தபாலில் அனுப்புகிறேன் என்று யோசிப்பீர்கள். எல்லாம் உங்கள் சொற்படி நடந்ததால் வந்த வினை. போனைத் திறக்கிற சொல்லுக்குப் பிறந்த திகதியை வைக்காதீர்கள், பெரிய எழுத்து, சின்ன எழுத்து, இலக்கம், குறி எல்லாம் கலந்து வையுங்கள், அதை எங்கேயும் எழுதி வைக்காதீர்கள் என்றீர்கள். அப்படியே வைத்தேன். அதன் பிறகு அந்தப் போனைக் கள்ளனாலும் திறக்க முடியவில்லை, என்னாலும் திறக்க முடியவில்லை. இப்போது அது அலுமாரிக்குள் அந்தோனியார் சுருவத்துக்குப் பக்கத்தில் கிடக்கிறது, தொலைந்ததைத் தேடிக் கொடுக்கிறவர் அவர்தானே. நான் பாவிப்பது பழைய பட்டன் போன். நீங்கள் அனுப்புகிற செய்தி எல்லாம் அடுத்த வீட்டில் இருக்கிற என் தங்கை மகள் நிரோசினியின் போனுக்குத்தான் வருகிறது. அவள் டியூசன் வகுப்பு எடுக்கிறவள், சத்தம் போடாமல் வாசிக்கத் தெரியாது. சனத்தின் செய்திகளை வாசிக்க வழி வேண்டும் என்று உங்கள் நாட்டு அரசாங்கம் வாதாடுகிறதாமே, இங்கே அந்தக் கரைச்சல் இல்லை, வேலியோரம் நின்றால் போதும். ஆகவே இந்தக் கதையை அவள் போனில் அனுப்ப எனக்கு விருப்பமில்லை.

மருமகன், உங்கள் படிப்பில் நான் குறை சொல்லவில்லை. போன வருடம் கோயில் திருநாளுக்கு வந்து நின்றபோது முற்றத்தில் கதிரையைப் போட்டு இருந்து, பிரித்தானியாவில் நடக்கிற வாக்குவாதங்களை எல்லாம் எங்களுக்கு விளங்கப்படுத்தினீர்கள். செய்திகள் பூட்டியபடி போகின்றன, தேவை வந்தால் திறக்கத் தங்களுக்கு ஒரு பின்கதவு வேண்டும் என்று அரசாங்கம் கேட்கிறது, உங்களைப் போன்ற கம்பியூட்டர் பாதுகாப்புக்காரர்கள் கூடாது என்கிறார்கள் என்றீர்கள். நான் அப்போதே உங்கள் பக்கம். எங்கள் குசினிக்கும் பின்கதவு இருக்கிறது, மாமி காற்றுக்காகத் திறந்து வைப்பது, காற்றைத் தவிர பூனை, கோழி, நிரோசினி எல்லாரும் அதனால்தான் வருகிறார்கள். பிறகு போனுக்குள் அடையாள அட்டை வரப்போகிறது, அதை எதிர்த்துச் சனம் ஊர்வலம் போகிறது என்றீர்கள். அதைக் கேட்டு, என்னோடு மீன் தொழிலுக்கு வருகிற தம்பி மகன் நிறோஜனுக்குத் தேத்தண்ணி மூக்கால் வந்தது. சண்டைக் காலத்தில் அட்டையை எடுக்காமல் கிணற்றடிக்குப் போகவும் பயந்திருந்த சனம் நாங்கள், இன்றைக்கும் கோயிலில் முழங்காலில் நின்றபடி சேட்டுப் பையைத் தடவிப் பார்க்கிறவர்கள், எங்களிடம் வந்து ஒரு நாட்டுச் சனம் அட்டை தரவேண்டாம் என்று கோபிக்கிறது என்றால் எப்படி நம்புவது? அதற்குப் பிறகு, வயது குறைந்த பிள்ளைகள் கண்டதையும் பார்க்காமல் இருக்கப் போனே முகத்தைப் பார்த்து வயது சொல்லும் என்று உங்கள் போனை என் முகத்துக்கு நேரே பிடித்தீர்கள். அறுபத்திரண்டு வயதுக்காரனுக்கு அது எண்பத்தொன்று என்றது. உப்புக்காற்றை அது கணக்கில் எடுக்கவில்லை. மாமிக்கு நாற்பத்தாறு என்றது. அன்றிலிருந்து மாமி பிரித்தானிய அரசாங்கத்தின் கட்சி.

அதோடு விட்டிருக்கலாம். இனிமேல் குரலையும் நம்ப முடியாது, ஒருவர் கதைத்ததில் கொஞ்சம் எடுத்துக் கம்பியூட்டரில் போட்டால் அதே குரலில் இன்னொருவன் கதைப்பான் என்றீர்கள். ஆகவே குடும்பத்துக்கு ஓர் இரகசியச் சொல் வேண்டும், ஆன்சலாவின் குரலில் யார் எடுத்தாலும் முதலில் சொல்லைக் கேளுங்கள், சொல்லாவிட்டால் போனை வையுங்கள் என்றீர்கள். நாங்களும் யோசித்தோம். மாமி ‘மாதாவே’ என்றா, இந்தக் கரையில் கால் தடுக்கினாலும் அதுதான் சொல் என்று தள்ளிவிட்டீர்கள். நிறோஜன் எங்கள் படகின் பெயரைச் சொன்னான், அது படகின் இரண்டு பக்கமும் முழ நீளத்துக்கு எழுதியிருக்கிறது. நான் மகளின் வீட்டுப் பெயரைச் சொன்னேன், தபால்காரரே அவளைக் குஞ்சு என்றுதான் கூப்பிடுவார், அவளுடைய பதிவுப் பெயர்தான் இந்த ஊரில் இரகசியம். கடைசியில் உங்களுக்குப் பொறுமை போய்விட்டது. “மாமா, இந்த வீட்டில ஒருத்தரும் வாயால சொல்லாத சொல் ஒண்டு சொல்லுங்கோ” என்றீர்கள்.

அப்படி ஒரு சொல் எங்கள் வீட்டில் இருந்தது. நீங்கள் சின்னனிலேயே வெளிநாடு போனபடியால் உங்களுக்குத் தெரிந்திருக்காது. தொழிலுக்கு வெளிக்கிடுகிறவனைப் பார்த்து ‘எங்க போறியள்’ என்று கேட்பது இந்தக் கரையில் பெரிய பிழை. கேட்டால் போகிற காரியம் உருப்படாது. கேட்டே ஆகவேண்டுமென்றால் ‘தூரமோ’ என்போம், அதோடு சரி. வாய் தவறி யாராவது கேட்டுவிட்டால் வீட்டுக்குத் திரும்பி, சற்று இருந்து, தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி வெளிக்கிடுவது. இது மூடநம்பிக்கை என்று சுவாமியார் பிரசங்கத்தில் சொல்வார், ஆனால் மோட்டார் சைக்கிளில் ஏறிய பிறகு யாராவது அவரைக் கேட்டால் அவரும் இறங்கி ஒரு மிடறு குடிக்காமல் போவதில்லை. அந்தச் சொல்லை நான் சொன்னதும் மாமி சிலுவை போட்டா. ஆன்சலா, வேறு சொல் பார்ப்போம் அப்பா என்றாள். நீங்களோ கதிரைக் கையில் தட்டி, இதை உலகத்தில் எந்தக் கள்ளனும் கண்டுபிடிக்கமாட்டான் என்றீர்கள். படித்த மருமகன் மெச்சியதில் எனக்குத் தலை கொஞ்சம் வீங்கிவிட்டது.

பழகாவிட்டால் மறந்துபோகும், ஒவ்வொரு தரமும் கேளுங்கள் என்று சொல்லிவிட்டு நீங்கள் விமானம் ஏறினீர்கள். ஆன்சலா போன் எடுப்பது உங்கள் காலை நேரம், அது எங்களுக்குப் பின்னேரம், நான் எண்ணெய்க் கானும் கையுமாகப் படலையைத் திறக்கிற நேரம். நான் சொல்லைக் கேட்பேன். அவள் ஈனக் குரலில் ‘எங்க போறியள் அப்பா’ என்பாள். மகள்தான் என்று உறுதியாகிவிடும். உறுதியான கையோடு நான் திரும்பி வந்து, இருந்து, தண்ணீர் குடிப்பேன். அதற்குள் மற்றப் படகுகள் எல்லாம் போய் நல்ல இடங்களில் வலையைப் போட்டுவிடும். “பெரியப்பா, லண்டன் பாதுகாப்பாத்தான் இருக்கு, எங்கட வலைதான் காயுது” என்று நிறோஜன் முகத்தை நீட்டினான். பக்கத்துப் படகுக்காரர்கள் என் போன் அடித்தாலே காதைப் பொத்திக்கொண்டு தள்ளிப் போகத் தொடங்கினார்கள். பிறகு மகளுக்கு வயிற்றில் பிள்ளை என்று தெரிந்ததும், வாயும் வயிறுமாக இருக்கிறவள் தகப்பனைப் பார்த்து இப்படிக் கேட்கக்கூடாது என்று மாமி அந்த நேரத்தில் போன் எடுக்கவே தடை போட்டுவிட்டா. அந்தத் தடையை நான் மறந்துபோனேன், ஆன்சலா மறக்கவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை நான் படலையடியில் நிற்கிறேன், போன் அடிக்கிறது, தெரியாத நம்பர். “அப்பா, நான் ஆன்சலா. என்ர போன் செத்துப்போச்சு, நேர்ஸின்ர போனில எடுக்கிறன். என்னை ஒப்பரேசன் தியேட்டருக்குக் கொண்டுபோகப் போகினம், பயமாக் கிடக்கு. ஒருக்காச் செபம் சொல்லுங்கோ அப்பா” என்று அழுகிறாள். மருமகன், நீங்கள் முற்றத்தில் இருந்து விரல் மடித்துச் சொன்னது எல்லாம் என் கண்முன் வந்தது. தெரியாத நம்பர், இன்னொருவரின் போன், அவசரம், அழுகை. கள்ளன் அப்படித்தான் வருவான் என்று ஒன்றும் விடாமல் சொல்லியிருந்தீர்கள். நான் சொல்லைக் கேட்டேன். இன்றைக்கு வேண்டாம் அப்பா, நீங்கள் கடலுக்கு வெளிக்கிடுகிற நேரம் என்றாள். நான் விடவில்லை, மறுபடி கேட்டேன். “இண்டைக்கு அந்தச் சொல்லை உங்களுக்கு நான் சொல்லமாட்டன்” என்றாள். அப்போது நான் என்ன சொன்னேன் என்பதை எழுதக் கை கூசுகிறது. “நல்லா அழுறாய் பிள்ளை, வேற வீட்டைப் பார்” என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.

வைத்ததோடு நிற்கவில்லை. கரைக்குப் போய், லண்டன் கள்ளன் ஒருவனை மடக்கிய கதையை நின்றவர்களுக்கெல்லாம் சொன்னேன். என் மருமகன் எப்பேர்ப்பட்ட ஆள் என்றும் சொன்னேன். அன்றைக்கென்று வலையில் பாரை மீன் நிறைந்து வந்தது, அதைப் பார்த்து இன்னும் கொழுத்துப்போனேன். விடிந்து கரைக்கு வந்தால் மாமி மணலில் நிற்கிறா. கரைக்கு வராதவ வந்து நிற்கிறாவே என்று படகை நிறோஜனிடம் விட்டுவிட்டு ஓடினேன். ஆண் பிள்ளை, வயிற்றை வெட்டித்தான் எடுத்தது, தாயும் பிள்ளையும் சுகம் என்று நீங்கள் அனுப்பிய செய்தியை நிரோசினி வாசித்திருக்கிறாள். மகள் தியேட்டருக்குப் போகமுன் எனக்குப் போன் எடுத்தாளாமே, நான் என்ன சொன்னேன் என்று மாமி கேட்டா. என்னிடம் மிச்சமிருந்த பெருமையோடு, அவள் சொல்லைச் சொல்லவில்லை, அதனால் வைத்துவிட்டேன் என்றேன்.

“கள்ளன் எண்டால் சொல்லியிருப்பான்” என்றா மாமி. “நீங்கள் கடலுக்குப் போனாலென்ன, அதில தாண்டு செத்தாலென்ன அவனுக்கு? சொல்லமாட்டன் எண்டு நிண்டவள்தான் உங்கட பிள்ளை.”

மருமகன், இவ்வளவு நாளும் அந்தச் சொல்லைச் சொன்னது யாராக இருந்தாலும் நான் நம்பியிருப்பேன். தன்னை வெட்டக் கொண்டுபோகிற நேரத்திலும் அப்பன் கடலுக்குப் போகிறான் என்று யோசிக்க உலகத்தில் ஒருத்திதான் இருக்கிறாள், அவளிடம்தான் வேறு வீட்டைப் பார் என்றேன். அவள் பயமாக இருக்கிறது என்று சொன்ன குரல் இப்போது வலை இழுக்கும்போதும் கேட்கிறது, சாப்பிடும்போதும் கேட்கிறது. அவள் செபம் கேட்டாள், நான் சோதனை வைத்தேன்.

அதற்குப் பிறகு மகள் நிரோசினிக்கு அனுப்பிய செய்தியை நீங்களும் அறிந்திருப்பீர்கள். “அப்பாவுக்கு நான் ஆரெண்டு தெரிஞ்சாப் பிறகு கதைப்பம்.” நிரோசினி அதைத் தன் வகுப்புக் குரலில் வாசித்ததால் எங்கள் ஒழுங்கையில் இருக்கிற எல்லா வீடும் அறிந்திருக்கிறது. பேரனின் படமும் அவள் போனில்தான் இருக்கிறது. மாமி பார்த்துவிட்டா, நிறோஜன் பார்த்துவிட்டான், அவனைக் கல்யாணம் செய்யப்போகிற தாட்சாயினி புதுக்குடியிருப்பில் இருந்து பஸ் ஏறி வந்து பார்த்துவிட்டுப் போனாள். எனக்கு மட்டும் காட்டக்கூடாது என்று மகளின் உத்தரவு. பேரனின் காலையாவது காட்டு பிள்ளை என்று நிரோசினியைக் கேட்டேன், மறுத்துவிட்டாள். போனை எடுத்துப் பார்க்கலாம் என்றால் அது அவளுடைய விரலுக்குத்தான் திறக்கும், நீங்கள்தான் அதையும் பழக்கிவிட்டீர்கள். மூக்கு என்னைப் போல என்று மாமி முதல்நாள் சொன்னா, அடுத்த நாள் நான் கறிக்கு உப்புக் காணாது என்றதும் மூக்கு அவவுடைய அண்ணனைப் போல ஆகிவிட்டது. என் பேரனின் மூக்கு எப்படி என்று தெரியாமல் நான் இருக்கிறேன்.

ஆகவே நீங்கள் மகளிடம் இதைச் சொல்லவேண்டும். சொல் இன்றோடு நீக்கப்பட்டுவிட்டது. வேறு சொல் வேண்டாம், இலக்கம் வேண்டாம், விரலும் வேண்டாம். அவளுடைய குரலில் வருகிற கள்ளன் எவனாக இருந்தாலும் நான் அவனை நம்புவேன், இருந்து கதைப்பேன், சாப்பிட்டாயா என்று கேட்பேன். அவனிடம் ஏமாறுவது எனக்குப் பரவாயில்லை. பின்கதவு வேண்டும், வேண்டாம் என்று உங்கள் நாட்டில் பெரியவர்கள் என்னவோ முடிவெடுக்கட்டும், என் பிள்ளைக்கு நான் முன்கதவையே கழற்றி வைத்திருக்கிறேன்.

உங்கள் தாய் தகப்பனையும் கேட்டதாகச் சொல்லவும். மகளை உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லவும், தையல் ஆறும் வரைக்கும் பாரம் தூக்க விடவேண்டாம். பெற்றவளுக்குப் பால் சுரக்கிற சுறாப் புட்டு அவிக்கத் தெரியாவிட்டால் கேட்டு எழுதினால் மாமி விபரமாகச் சொல்லுவா. சின்னவரின் நெற்றியில் என் சார்பில் ஒரு சிலுவை போட்டுவிடவும்.

இப்படிக்கு
உங்கள் மாமா,
இன்னாசித்தம்பி

பி.கு.: கடித உறையை ஒட்டப் பசை தேடிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. எடுத்தால் யாரும் கதைக்கவில்லை, ஒரு கைப்பிள்ளை அழுகிற சத்தம் மட்டும் கேட்டது. எனக்கு உடனே விளங்கிவிட்டது, மகள் கோபம் முழுக்க ஆறாமல், தான் வாய் திறக்காமல் பிள்ளையைக் கதைக்க விட்டிருக்கிறாள். நான் ஒன்றும் விசாரிக்கவில்லை. பேரா, நான்தான் உன் அம்மப்பா என்று தொடங்கி, என் முழுப் பெயர், வீட்டுக்கு வருகிற வழி, நான் கடலிலும் மாமி கோயிலிலும் இருக்கிற நேரங்கள், வீட்டுப் பூட்டின் திறப்பு எந்தப் பூச்சாடிக்குக் கீழே இருக்கிறது என்பது வரைக்கும் சொல்லிவிட்டேன். இரண்டு பேரும் நன்றாக அழுதோம். அவன் ஓய்ந்து ஒரு தும்மல் தும்மினான், பிறகு போன் நின்றுவிட்டது. ஆகவே மேலே எழுதியது எல்லாம் முடிந்த கதை, நீங்கள் வாசிக்கத் தேவையில்லை, முத்திரை ஒட்டிவிட்டதால் அனுப்புகிறேன். மாமி போனை வாங்கிப் பார்த்துவிட்டு, இது வெளிநாட்டு நம்பர் இல்லை, உள்ளூர் நம்பர், யாரோ ஒருவரின் பிள்ளை தெரியாமல் போன் பட்டனை அமத்திவிட்டது என்கிறா. எடுத்தது ஆன்சலா என்றால் உடனே ஒரு வரி எழுதவும். இல்லையென்றால் தயவுசெய்து ஒன்றும் எழுதவேண்டாம்.