சொக் அண்ணையும் மூன்றாவது ஆளும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் உள்ள அத்தனை றோட்டுப் பள்ளங்களையும் பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடிய ஒரே மனிதர் எங்கள் சொக் அண்ணைதான். கோப்பாயில் எங்கள் கந்தோர் வாசலில் இருந்த பள்ளத்துக்கு அவர் வைத்த பெயர் ‘பெரியவர்’. உரும்பிராய்ப் பக்கம் அடுத்தடுத்து இருந்த இரண்டும் ‘இரட்டையர்’. பெரியவரைத் தார் ஊற்றி மூடிய அன்று அண்ணை மத்தியானச் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பிப் போனார் என்று எங்கள் பியோன் இன்றைக்கும் சத்தியம் செய்வார்.

அவருடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. சில்லுக்கும் காருக்கும் நடுவில் நின்று குலுக்கலை விழுங்குகிற சொக் அப்சோபரைத் தவிர வேறொன்றைப் பற்றியும் அவர் கதைத்ததில்லை, அதனால் அந்தப் பெயர். கந்தோரில் தனக்கு என்ன வேலை என்பது அவருக்கே மாதக் கடைசியில்தான் நினைவு வரும். கலியாணம் கட்டவில்லை. வீட்டில் அவரோடு இருந்தது ஒரு சிவப்பு ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே சீட், மடித்து வைக்கிற கூரை, கந்தோருக்குப் புதிதாக வந்த பிள்ளைகளை விட வயது கூடியது.

வாங்கியபோது அது மாட்டுவண்டில் மாதிரி ஆடியது. வளைவில் திருப்பினால் ஒரு பக்கம் சாய்ந்து, கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் நிமிரும். அண்ணை இரண்டு வருடச் சேமிப்பைக் கொட்டி, ஜப்பானிலிருந்து புதுச் சொக்கும் ஸ்பிரிங்கும் இறக்கினார். வளையத்தைத் திருகித் திருகி உயரத்தைக் கூட்டவும் குறைக்கவும் கூடிய ரகம். அதைச் சரியாக வைக்க ஏறப்போகிறவரின் பாரம் தெரிய வேண்டுமாம். அன்றிலிருந்து அவர் யாரையும் சுகம் விசாரித்ததில்லை, எத்தனை கிலோ என்றுதான் கேட்டார். மாற்றலாகி வந்த கணக்காளர் அம்மாவிடம் முதல் நாளே கேட்டுவைக்க, அந்த அம்மா அவரோடு கதைப்பதையே விட்டுவிட்டா.

என்னை வெங்காயக் கடைத் தராசில் ஏற்றி நிறுத்தார். கடைக்காரர் பழக்கதோஷத்தில் சாக்குக் கழிவும் கழித்துச் சொன்னார்.

அதன் பிறகு மடியில் ஒரு செம்பு தண்ணீரோடு என்னைப் பக்கத்தில் இருத்திக் கோப்பாயைச் சுற்றினார். முதல் நாள் செம்பில் மிஞ்சியது ஒரு மிடறு, மற்றதெல்லாம் என் காற்சட்டையில். வளையத்தைத் திருகுவதும் என்னை நனைப்பதுமாகப் பல பின்னேரங்கள் போயின. கடைசியில் ஒருநாள் சொட்டுக்கூடச் சிந்தவில்லை. காரை நிறுத்தி, காய்ந்திருந்த என் மடியைப் பார்த்து மனிதர் கண் கலங்கிவிட்டார். கார் அப்போது நிலத்தோடு நிலமாக இறங்கியிருந்தது. அதற்குக் கீழே ஒரு பூனை படுக்கலாம், எழும்பி இருக்க முடியாது.

அந்த வருடந்தான் எனக்கு உடுவிலில் கலியாணம் பேசி முடித்தார்கள். என்னைத் தன் காரில் கொண்டுபோய் இறக்குவதுதான் தன் பரிசு என்று அண்ணை அறிவித்துவிட்டார். பெண்ணிடம் சொன்னேன், சிரித்துக்கொண்டே சம்மதித்தாள். பிறகு குரல் மாறியது. அவளுக்கு அதற்கு முன்னம் ஒரு கலியாணம் மண்டபம் வரைக்கும் வந்து நின்றுபோயிருந்தது. அலங்கரித்துக்கொண்டு காத்திருந்தவளுக்கு மாப்பிள்ளை வரமாட்டார் என்ற செய்திதான் வந்து சேர்ந்தது. “எனக்கு ஒண்டும் வேண்டாம். நேரத்துக்கு மட்டும் வந்திடுங்கோ,” என்றாள். வருவேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

கலியாணத்தன்று காலை, பெண்ணின் அண்ணன் தோழனாக எங்கள் வீட்டுக்கு வந்து இறங்கினார். எங்கள் முறைப்படி தோழன்தான் மாப்பிள்ளையை வீட்டில் வந்து கூட்டிக்கொண்டு, அதே காரில் பக்கத்தில் இருந்து போய், மண்டப வாசலில் கால் கழுவி உள்ளே அழைக்க வேண்டும். இது யாழ்ப்பாணத்தில் எல்லாருக்கும் தெரியும். ஊரில் ஒரு கலியாணச் சாப்பாடும் விடாத சொக் அண்ணை, மாப்பிள்ளைக் கார்களின் சில்லைப் பார்த்தாரே தவிர உள்ளே எத்தனை தலை என்று பார்த்ததே இல்லை. தனக்கும் எனக்கும் மட்டும் கணக்குப் பார்த்துச் சொக்கை வைத்திருந்தார். எனக்கோ அந்த வாரம் முழுக்கத் தலைப்பாகையைத் தவிர வேறொன்றும் தலைக்குள் ஏறவில்லை.

தோழன் நெட்டையும் அகலமுமாக வந்து காருக்குப் பக்கத்தில் நின்றார். அண்ணை அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

“தம்பி எத்தினை கிலோ?”

“நூற்றிப்பத்து அண்ணை,” என்றார் தோழன் பணிவாக.

அண்ணையின் முகத்தில் இரத்தமே இல்லை. தட்டுகளோடு பெண்கள் போன வான் முன்னமே புறப்பட்டுவிட்டது. வேறு வழியில்லாமல் கூரையை மடித்து, தோழனைப் பின்னால் அதன் மேல் இருத்தி, காலை எங்கள் இரண்டு சீட்டுக்கும் நடுவில் விடச் சொன்னோம். கோயில் சகடையில் எழுந்தருளிய சாமி மாதிரி இருந்தார். காரின் பின்பக்கம் அப்படியே குந்திக்கொண்டது.

முதலாவது வேகத்தடையில் அடிப்பாகம் சீமெந்தில் உரசியது. அண்ணை தன் முதுகில்தான் உரசியது போல முனகிக்கொண்டு காரை நிறுத்தினார். இரண்டு பேரையும் இறங்கச் சொன்னார். பட்டு வேட்டியும் தலைப்பாகையுமாக நான் இறங்கி நடக்க, பின்னால் தோழன் நடக்க, வெறும் கார் மெல்ல மேட்டைத் தாண்டி அப்பால் போய் எங்களுக்காக நின்றது. ஏறினோம். அடுத்த மேட்டில் மறுபடியும் இறங்கினோம். இரட்டையருக்கு இரண்டு தரம். சைக்கிளில் போன ஒருவர் நின்று, மாப்பிள்ளை நடந்தே போவதாக ஏதும் நேர்த்திக்கடனோ என்று விசாரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முகூர்த்தம் பத்தரையோடு முடிகிறது, நாங்களோ இன்னும் உரும்பிராயை விட்டு வெளியேறவில்லை. வழியில் வந்த ஓட்டோக்களிலும் ஆட்கள் நிறைந்திருந்தார்கள். பட்டுச் சட்டைக்குள் எனக்கு வியர்த்து ஓடியது.

கடைசியில் அண்ணை காரை ஓரங்கட்டினார். பின் ரயர் மேலே இருந்த மட்காட்டில் உரசி, கருகின மணம் வந்துகொண்டிருந்தது. இனி ஓடினால் சொக் போய்விடும் என்றார். தோழன் இறங்கி வேறு ஏதாவது பிடித்து வரட்டும், நாங்கள் இரண்டு பேரும் பறந்து போகலாம் என்றும் கெஞ்சினார்.

தோழன் அசையவில்லை. “அண்ணை, போன முறையும் மாலையோடை மாப்பிள்ளையைக் கூப்பிட நான்தான் போனனான். வெறுங்காரிலை தனியத் திரும்பி வந்து இறங்கினன். திரும்பவும் மாப்பிள்ளை வேறை நான் வேறையா வந்தால் அப்பா தாங்கமாட்டார்.”

அப்போது அவருடைய போன் அடித்தது. மாமனார்தான் திட்டப்போகிறார் என்று நினைத்தேன். ஸ்பீக்கரில் வந்தது அவளுடைய குரல். அழவில்லை, கோபமும் இல்லை.

“அண்ணா, தனியவோ வாறாய்?”

சொக் அண்ணை கையை நீட்டிப் போனை வாங்கினார். “பிள்ளை, மாப்பிள்ளையும் உன்ரை அண்ணனும் என்ரை காரிலைதான் இருக்கினம். இந்தா வாறம்,” என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். என்னைப் பார்த்து, “தலைப்பாகையை இறுக்கிப் பிடியும்,” என்றார்.

அதற்குப் பிறகு அவர் ஒரு மேட்டுக்கும் நிறுத்தவில்லை. முதல் மேட்டில் அடியில் ஏதோ கிழிந்தது. இரண்டாவதில் பின்னால் ஒரு பெரிய முறிவுச் சத்தம். எந்தப் பள்ளத்தில் எந்தச் சில்லு விழும் என்பது மனப்பாடமாயிருந்த மனிதர், ஒன்றையும் விலக்காமல் நேரே விட்டார். என் பல்லுகள் ஒன்றோடொன்று அடிபட்டன. தோழன் இரண்டு கையாலும் என் தோளைப் பிடித்துக்கொண்டு பிள்ளையாரைக் கூப்பிட்டார். நான் பக்கவாட்டில் அண்ணையைப் பார்த்தேன். சத்தங்கள் ஒவ்வொன்றுக்கும் கண்ணை மட்டும் ஒருதரம் மூடித் திறந்தார், காலை எடுக்கவில்லை.

மண்டப வாசலில் புகையோடு போய் நின்றோம். தோழன் இறங்கி என் காலைக் கழுவினார். ஐயர் மணிக்கூட்டைப் பார்த்துப் பார்த்து மந்திரத்தை ஓட்டினார். மணவறைக்கு வந்தவள் முதலில் என்னைப் பார்க்கவில்லை, தன் அண்ணனைத்தான் பார்த்தாள். அவர் தலையாட்டினார். கெட்டிமேளம் முழங்கியபோது முகூர்த்தத்தில் கொஞ்சம் மிச்சமிருந்தது.

அறுகரிசி போட்டு வாழ்த்த வந்தவர்களுக்குள் சொக் அண்ணையைக் காணவில்லை. கூறைச் சேலையோடு அவளே என்னை வாசலுக்குக் கூட்டிக்கொண்டு வந்தாள். கார் ஒரு பக்கம் சரிந்து கிடந்தது, பின் ஸ்பிரிங் முறிந்து வெளியே தெரிந்தது. அண்ணை கிறீஸ் படிந்த பட்டு வேட்டியோடு மதிலில் இருந்தார்.

“உடைஞ்சு போச்சோ அண்ணை?” என்று அவள் கேட்டாள்.

“கார்தானே, பிள்ளை,” என்றார்.

அந்த மனிதர் அப்படிச் சொன்னார் என்று நான் சொன்னபோது கந்தோரில் ஒருவரும் நம்பவில்லை. நான் வீட்டுக்கு ஒரே பிள்ளை. இப்போது கூடப்பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று யாராவது கேட்டால், ஒரு அண்ணை இருக்கிறார் என்றுதான் சொல்கிறேன்.