ஏர்பிளாஸ்ட் காப்பி குடிக்கும் கடைகள்

தங்கவயலில் ஒரு காப்பிக் கடை பிழைக்குமா மூடுமா என்பதை, ஒரு வாய்கூடக் குடிக்காமல் சொல்லக்கூடிய ஒரே மனிதர் ஏர்பிளாஸ்ட்தான். பாலில் தண்ணீரா, டிகாக்‌ஷன் பழசா என்பதெல்லாம் அவருக்குச் சில்லறை விஷயம். டம்ளரை மேசைமேல் வைப்பார். கைகளை மடியில் வைத்துக்கொள்வார். காப்பியையே உற்றுப் பார்ப்பார். அது நடுங்கினால் குடிப்பார். நடுங்காவிட்டால் எழுந்து போய்விடுவார்.

அவரோடு ஊரிலுள்ள சுரங்கப் பென்ஷன்காரர்கள் அத்தனை பேரும் எழுந்து போய்விடுவார்கள். கடைக்காரர்கள் முனிசிபாலிட்டிக்குப் பயந்தார்களோ இல்லையோ, அவருக்குப் பயந்தார்கள்.

பெயருக்குக் காரணம் உண்டு. ஆழத்தில் பாறை அழுத்தம் தாங்காமல் வெடித்து மேலே தரை குலுங்குவதை எங்கள் ஊரில் ஏர்பிளாஸ்ட் என்பார்கள். தங்கச் சுரங்கத்தை மூடி இருபது வருடத்துக்கு மேலாகிறது. உள்ளே தண்ணீர் நிறைந்துவிட்டது. ஆனாலும் எப்போதாவது தரை ஒரு தடவை உதறும். பாறை இன்னும் அடங்கவில்லை என்பார்கள் படித்தவர்கள். வாழ்நாளில் பாதியைச் சுரங்கத்துக்குள் கழித்த இவர் சொல்லும் காரணம் வேறு.

"கீழ ஷிப்ட் ஓடுது."

"மூடிட்டாங்களேண்ணே?"

"மேல மூடிட்டாங்க. கீழ இருக்கறவங்களுக்கு யாரு போயி சொன்னாங்க?"

இதைச் சொல்லும்போது அவர் சிரிக்க மாட்டார். கேட்டவர்களும் சிரிக்க மாட்டார்கள்.

பெங்களூருவில் நான் வேலை பார்க்கும் பத்திரிகையின் வார இணைப்புக்கு, தங்கவயலைச் சுற்றிப் போய் உட்காரத் தகுந்த காப்பிக் கடைகளைப் பற்றி எழுதச் சொன்னார்கள். எனக்கோ அம்மா போடும் காப்பியையும் ஸ்டேஷன் காப்பியையும் தவிர வேறு தெரியாது. அதனால் ஏர்பிளாஸ்டை ஸ்கூட்டரின் பின்னால் ஏற்றிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் சுற்றினோம்.

முதலில் பேத்தமங்களா. ஏரிக்கரையோரம் ஒரு கடை. எருமைப் பால், நல்ல டிகாக்‌ஷன், ஏரிக்காற்று. நான் மனதுக்குள் முதல் பத்தியை எழுதியே முடித்துவிட்டேன். அவர் டம்ளரைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"இன்னாண்ணே?"

"கீழ ஒர்த்தனும் இல்ல."

"காப்பி நல்லா கீதே."

"காப்பி நல்லாத்தான் கீது. ஒண்டியா குடிக்கறதுக்கு வூட்லயே குடிக்கலாமே."

பங்காருப்பேட்டையில் ரயில் பாதையை ஒட்டிய கடையில் காப்பி துள்ளியது. "ஆடுதுண்ணே!" என்று கத்தினேன். அவர் விரலை உயர்த்தி என்னை அடக்கினார். "கூட்ஸு," என்றார். கூட்ஸ் வண்டி கடந்து போனது. காப்பி அடங்கியது. எழுந்துவிட்டார்.

ஆண்டர்சன்பேட்டையில் ஒரு கடைக்காரர் விவரமானவர். நாங்கள் வருவது தெரிந்து மேசைக்கால் ஒன்றைக் கொஞ்சம் அறுத்து வைத்திருந்தார். டம்ளர் கிடுகிடுவென்று ஆடியது. ஏர்பிளாஸ்ட் குனிந்து, பழைய பேப்பரை மடித்துக் காலுக்கு அடியில் செருகினார். ஆட்டம் நின்றது.

"உனக்கு ரம்பம் நல்லா வருதுப்பா. மரக்கடை வை."

அதுவரை எல்லாம் எனக்கு வேடிக்கைதான். மாரிகுப்பத்தில் வேடிக்கை போய்விட்டது.

ரயில் பாதை அங்கேதான் முடிகிறது. ஸ்டேஷனைத் தாண்டி, சயனைடு மேட்டின் ஓரமாக ஒரு தகரக் கூரைக் கடை. தங்கம் எடுத்தபின் கொட்டிய மண், சாம்பல் நிறத்தில் மலையாக நிற்கிறது. அதில் புல்கூட ஒழுங்காக முளைப்பதில்லை. பட்டப்பகல். ரயில் இல்லை, லாரி இல்லை, காற்றும் இல்லை. மேசையை நான் அழுத்திப் பார்த்தேன், கல்லால் கட்டியது. டம்ளரில் காப்பியின் நடுவே ஒரு வட்டம் தோன்றியது. விரிந்தது. அதன் உள்ளே இன்னொரு வட்டம். சத்தம் எதுவும் இல்லை. கடை வாசலில் படுத்திருந்த நாய்கள் எழுந்து நின்று தரையைப் பார்த்தன.

ஏர்பிளாஸ்ட் முகம் மலர்ந்தது. தெரிந்தவர் வீட்டு வாசலில் நின்று பேசுவதுபோலக் குனிந்து, "பாத்து வேல செய்ங்கப்பா," என்றார். பிறகு ரசித்துக் குடித்தார். என் டம்ளரை நான் தொடவில்லை. அவரே அதையும் குடித்தார்.

கடைசியாகப் போனது சாம்பியன் ரீப்ஸில் ஸ்டெல்லா அக்கா புதிதாகத் திறந்த கடைக்கு. ஸ்டெல்லா அக்காவுக்கு ஐம்பது வயதிருக்கும். கணவர் இல்லை. பெங்களூருவில் இருக்கும் மகள், "கிறிஸ்மஸ் வரைக்கும் பாரு. ஆளு வரலன்னா பூட்டிட்டு இங்க வந்துடு" என்று கெடு வைத்திருந்தாள். மகளின் பத்தாவது மாடி பிளாட்டை நினைத்தாலே அக்காவுக்கு மூச்சு முட்டும். இந்த ஊரிலேயே இருக்க வேண்டும், அதற்கு இந்தக் கடை ஓட வேண்டும்.

ஏர்பிளாஸ்ட் உட்கார்ந்தார். பார்த்தார். காப்பி கண்ணாடித் துண்டுபோலக் கிடந்தது.

"இங்க யாருமே இல்லம்மா," என்றபடி எழுந்தார்.

"யாரும் இல்லாததாலதாண்ணே இங்க கடை போட்டேன்!" ஸ்டெல்லா அக்கா கையில் கரண்டியோடு குறுக்கே நின்றார். "எங்க லைன் வூட்ல அலமாரி பாத்திரம் ஆடிச்சின்னா எங்கம்மா அடுப்ப அப்படியே வுட்டுட்டு சுரங்கத்து ஷாப்ட்டாண்ட ஓடும். ஒவ்வொரு தபாவும் அப்பாவ இட்டுகினு வரும். ஒரு தபா தனியா வந்துச்சி. ஆடாத எடமா பாத்துப் பாத்து இத புடிச்சேன். நீ இன்னாடான்னா ஆடலன்னு எழுந்து போற."

ஏர்பிளாஸ்ட் அக்காவைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தார். ஸ்கூட்டரில் ஏறியதும் இரண்டு தடவை அந்தக் கடையைத் திரும்பிப் பார்த்தார். ஆனால் எழுந்தவர் எழுந்தவர்தான். பென்ஷன்காரர்கள் ஒருவரும் அந்தப் பக்கம் போகவில்லை. டிசம்பர் பிறந்தபோது அக்கா தன் காப்பியைத் தானே குடித்துக்கொண்டிருந்தார்.

பிறகு ஒரு நாள் அக்காவிடமிருந்து போன். "அண்ணன இட்டுகினு வாடா."

போனோம். உட்கார்ந்தோம். காப்பியில் வட்டம் வட்டமாக நடுக்கம். பின்சுவருக்கு அப்பால் கிரைண்டர் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. மாவு வாசனை மூக்கைத் துளைத்தது. நான் அடுக்களைப் பக்கம் போய், "இன்னாக்கா இது?" என்றேன்.

"சுவிட்ச் என் கையில கீற நடுக்கம்தானே? அதுக்கு இன்னா பயம்?"

கூட்ஸ் வண்டியைக் கண்டுபிடித்தவர், மேசைக்காலைக் கண்டுபிடித்தவர், பத்தடி தூரத்துக் கிரைண்டரைக் கண்டுபிடிக்கவில்லை. "அடேங்கப்பா," என்றார் கடை முழுக்கக் கேட்கும்படி. "செம ஷிப்டு!" ஒரே மூச்சில் குடித்துவிட்டு இன்னொன்று கேட்டார். மறுநாள் காலையில் உட்கார இடமில்லை.

கிறிஸ்மஸுக்கு முந்தின வாரம், மதியம். கடை நிறையப் பழைய சுரங்கக்காரர்கள். திடீரென்று கரன்ட் போனது. கிரைண்டர் ஒரு முனகலோடு நின்றது. மின்விசிறியும் நின்றது. அந்த அமைதியில் ஒரு சத்தம் கேட்டது: எவர்சில்வர் டம்ளர்கள் டபராவில் கிணுகிணுவென்று தட்டிக்கொள்ளும் சத்தம். எங்கள் மேசையில், அடுத்த மேசையில், எல்லா மேசையிலும். என் உள்ளங்காலில் ஏதோ ஊர்வதுபோல இருந்தது.

ஸ்டெல்லா அக்கா அடுக்களை வாசலில் நின்றார். முகத்தில் ரத்தம் இல்லை.

"அண்ணே... கரன்ட் போயிடுச்சில்ல?"

"போயிடுச்சிம்மா."

"அப்ப இது இன்னா?"

இத்தனை காலம் இந்தக் கேள்விக்கு ஒரே பதில் சொன்னவர் அவர். இரண்டு கைகளையும் மடியிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தார். வைத்து, மேசையை உலுக்கினார்.

"என் கைம்மா. நரம்புத் தளர்ச்சி. வயசாயிடுச்சில்ல."

அடுத்த மேசைக்காரர் முழங்காலால் பலகையை இடித்தார். "எனக்கும்தாம்மா. சுகரு. காலு நிக்க மாட்டேங்குது."

"எனக்குக் குளுரு ஜுரம்," என்றார் மூலையில் இருந்தவர், இருமிக்கொண்டே பெஞ்சை ஆட்டியபடி. கடையே ஆடியது. யார் ஆட்டுகிறார்கள், எது ஆட்டுகிறது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

அக்கா அத்தனை கிழவர்களையும் ஒவ்வொருவராகப் பார்த்தார். மெல்ல முகம் தெளிந்தது. "நீங்கல்லாம் கடைக்கு வந்தீங்களா, ஆஸ்பத்திரிக்கு வந்தீங்களா? இருங்க, சூடா போட்டுத் தர்றேன்," என்று உள்ளே போனார்.

அந்தக் கிறிஸ்மஸுக்கு அக்கா பெங்களூரு போகவில்லை. மகள்தான் வந்து டம்ளர் கழுவினாள். கடை இன்றும் இருக்கிறது. என் கட்டுரையில் அதற்குத்தான் முதல் இடம்; காரணம், காப்பி நன்றாக இருக்கும் என்று மட்டும் எழுதினேன்.

எழுதாமல் விட்டது ஒன்று. அக்கா உள்ளே போனதும் ஏர்பிளாஸ்ட் தரையை நோக்கிக் குனிந்தார். பக்கத்தில் இருந்த எனக்கு மட்டும் கேட்டது.

"போதும்பா, நிறுத்துங்க. நம்ம பொண்ணு பயப்படுது."

உள்ளங்காலில் ஊர்ந்தது நின்றது. ஒருவர் பின் ஒருவராகக் கிழவர்கள் கையையும் காலையும் அடக்கினார்கள். டம்ளர்கள் ஓய்ந்தன. ஏர்பிளாஸ்ட் மட்டும், ஸ்டெல்லா அக்கா காப்பியோடு திரும்பி வந்து பார்க்கும்வரை, விடாமல் கையை நடுக்கிக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.